கீரியாரின் தொடை எலும்பு

என் தொழில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது. மேற்கு சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டர் அறையில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறேன். ஸ்கேட்போர்டில் விழுந்த பிள்ளைகள், குளியலறையில் வழுக்கிய அங்கிள்மார், ஏணியிலிருந்து விழுந்த தச்சர்கள் என்று எத்தனையோ கைகால்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. பிள்ளைகளிடம் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டுத்தான் கட்டுவோம். ஊதாவைத்தான் அதிகம் கேட்பார்கள். எலும்பு விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை என்று ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஒரு பிராணி வந்து அதைச் சரிசெய்தது.

அது ஒரு ஃபெரட். பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், கீரிப்பிள்ளையை எடுத்து, கொஞ்சம் நீட்டி இழுத்து, முகத்தில் திருடனைப்போல ஒரு கறுப்புப் பட்டி கட்டிவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வருடமே மெல்பேர்னுக்கு எஞ்சினியரிங் படிக்கப் போனாள். அவள் வாடகைக்கு எடுத்த வீட்டில் பிராணிகள் வைத்திருக்க விடமாட்டார்கள். “மூண்டு மாசம்தான் அம்மா, வேற வீடு பாத்திட்டு வந்து எடுப்பன்” என்றாள். அந்த மூன்று மாதம் இரண்டு வருடமாகி, டூங்கபியில் எங்கள் வீட்டில் ஒரு ஃபெரட் நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டது.

மகள் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்திருந்தாள். என் கணவருக்கு அது வாயில் நுழையவில்லை. அவர் ‘கீரியார்’ என்று கூப்பிட்டார். மரியாதையால் அல்ல. மன்னாரில் எங்கள் பக்கத்தில் பிடிக்காத ஆளுக்குத்தான் இப்படி ‘ஆர்’ போடுவது. “கீரியார் என்ர மற்றச் சப்பாத்தையும் கொண்டு போட்டார்.” “கீரியார் எழும்பிட்டார் போல, மணக்குது.” மணம் உண்மைதான். எத்தனை தடவை துணியை மாற்றினாலும் ஒரு கஸ்தூரி வாடை வீட்டில் இருக்கும். தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீர் குடிக்க வந்த ஒரு அன்ரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “இதே அந்த அமெரிக்காவில இருக்கிற ஸ்கங்க்?” என்று கேட்டார். ஸ்கங்கை இந்த நாட்டில் வீட்டில் வளர்க்க அனுமதியில்லை, இது வேறு என்று விளக்கினேன். “அப்ப இதுக்கு மட்டும் ஏன் விட்டவையள்?” என்றார்.

ஒரு நாளில் பதினைந்து மணித்தியாலம் தூங்குகிற பிராணி அது. மிச்ச நேரத்தில் திருடும். காலுறை, கார்ச் சாவி, ரிமோட், என்னுடைய செபமாலைகூட ஒருமுறை காணாமல் போனது. திருடியதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்தது கணவருடைய ரிக்ளைனர் கதிரைக்கு அடியில். பக்கத்திலுள்ள பட்டனை அமுக்கினால் முதுகு சாய்ந்து கால்பலகை எழும்பும் கதிரை அது. செவன் ஹில்ஸில் ஒரு உதிரிப்பாகக் களஞ்சியத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர் அவர். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதிரையில் விழுந்து காலை நீட்டுவதுதான் அவருடைய ஒரே சொகுசு.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் குசினியில் மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர் ஏதோ பழைய கிரிக்கெட் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கீச்சென்ற சத்தம். பிறகு அவருடைய குரல்.

“இஞ்சரும், இஞ்ச ஒருக்கா கெதியா வாரும்.”

அவர் சத்தம் போடவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. போய்ப் பார்த்தால் கதிரையைப் பக்கவாட்டில் சரித்துவிட்டு, நிலத்தில் முழங்காலில் இருக்கிறார். கையில் கீரியார். வலது பின்னங்கால் துணிபோலத் தொங்கியது.

“கதிரையை நிமிர்த்துவம் எண்டு பட்டனை அமத்தினன். அது உள்ளுக்க கிடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

“தெரியும், விடுங்கோ” என்றேன்.

நான் அமைதியாகத்தான் இருந்தேன். இது என் இடம் அல்லவா. எங்கள் பகுதியில் மூன்று மிருக வைத்தியசாலைகளுக்கு அழைத்தேன். மூன்றிலும் ஃபெரட் பார்ப்பதில்லை என்றார்கள். நாலாவதில், நகரத்தின் வடக்குப் பக்கமாக உள்ள ஒன்றில், முயல், கிளி, பாம்பு எல்லாம் பார்க்கிற டொக்டர் இருக்கிறார், ஆனால் இரண்டு மணித்தியாலம் பொறுத்து வாருங்கள் என்றார்கள். இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்க என் கை விடவில்லை. பயிற்சி வகுப்பில் மிஞ்சிய கட்டுச்சுருள் கொஞ்சம் அலுமாரியில் கிடந்தது. ஐஸ்பழக் குச்சி ஒன்றை அளவாக வெட்டி, பஞ்சு சுற்றி, காலின் கீழ்ப்பாதியில் வைத்து, அழகாகக் கட்டினேன். கணவர் துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அவர், “நல்ல வடிவாய் இருக்கு” என்றுகூடச் சொன்னார்.

கீரியார் ஒரு தடவை உடம்பை முறுக்கினார். கட்டு அப்படியே குழாய்போலக் கழன்று என் மடியில் விழுந்தது. இரண்டாம் முறை இறுக்கிக் கட்டினேன். அதுவும் விழுந்தது. ஃபெரட்டின் தோல் அதன் உடம்பில் ஒட்டியிருப்பதில்லை. ஒரு சைஸ் பெரிய சட்டை போட்டதுபோல உள்ளே அது திரும்பிக்கொள்ளும். மூன்றாவது தடவை கடித்தது. என் கட்டைவிரலில் இரத்தம் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

வைத்தியசாலையில் எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். முதலில் வலிக்கு ஊசி போட்டார். காதிலிருந்து வால் வரை தடவிப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் சீனி அளவையும் பார்த்தார். ஃபெரட்டுகளுக்குப் பின்னங்கால் தளர்ந்தால் பல நேரம் அது எலும்பாக இருக்காது, சீனி குறைந்திருக்கும், அதனால் எப்போதும் இதைப் பார்த்துவிடுவேன் என்றார். சீனி சரியாக இருந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு நடுவில் இரண்டாகியிருந்தது. தீக்குச்சி அளவு எலும்பு.

மேசையில் நான் கொண்டுவந்திருந்த கட்டைப் பார்த்து, “இது யார் போட்டது?” என்று கேட்டார்.

நான் என் தொழிலைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. “தொடை முறிந்தால் முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டால் என்ன ஆகும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தெரியும். கட்டின் பாரம் முறிந்த இடத்தில் ஆடும். மணிக்கூட்டின் பெண்டுலம் மாதிரி. உடைந்த முனைகள் இன்னும் விலகும். ஒரு மனிதனுக்கு நான் அதை ஒருபோதும் செய்திருக்கமாட்டேன். வேறு யாரும் செய்திருந்தால் திட்டியிருப்பேன். என் வீட்டு முன்னறையில், கணவர் ‘சத்தியமா தெரியாது’ என்று சொல்லிக்கொண்டிருக்கையில், எனக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். காது சூடேற, “தெரியும்” என்றேன். “கழன்று விழுந்தது நல்லதாகப் போச்சு” என்றார் டொக்டர். நான் அந்தக் கட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

இந்தக் கால் கட்டுக்கு நிற்காது, எலும்பின் உள்ளே கம்பி ஏற்றவேண்டும், திங்கட்கிழமை செய்யலாம் என்றார். மனிதர்களைப்போல இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது, மூன்று நாலு மணித்தியாலம் போதும், இல்லாவிட்டால் சீனி விழுந்துவிடும் என்று எழுதித் தந்தார். கணவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஓல்ட் வின்சர் ரோட்டால் வீட்டுக்கு வரும்போது, ஒரு சிவப்பு விளக்கில் நின்ற நேரம் சொன்னார்.

“பிள்ளைக்கு இப்ப சொல்ல வேண்டாம். சோதினை முடியட்டும்.”

மகளுக்குப் பரீட்சை தொடங்க மூன்று கிழமை இருந்தது. நானும் ஓம் என்றேன். யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அது பழக்கம்.

திங்கட்கிழமை கம்பி ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை கீரியார் வீட்டுக்கு வந்தார், இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க மழித்து, பிடுங்கிய கோழிபோல. ஆறு கிழமை சின்னக் கூட்டில் இருக்கவேண்டும். ஏறக்கூடாது, பாயக்கூடாது. நாளுக்கொரு தடவை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து வலி மருந்து.

என் கணவர் களஞ்சியத்தில் ஒரு கிழமை லீவு போட்டார். எங்கள் மகள் பிறந்தபோது மூன்று நாள் எடுத்த மனிதர். கூட்டுக்குப் பக்கத்தில் குசினிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கோழி ஈரலை நகத்தளவாக வெட்டி, ஒவ்வொன்றாக நீட்டினார். மருந்து நேரத்துக்குத் தொலைபேசியில் மணி வைத்தார். சிரிஞ்சை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் பார்ப்பார். “இது சரியே? நீர் ஒருக்கா பாரும்” என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் காட்டுவார்.

அந்தக் கிழமையே ரிக்ளைனரை வெளியே தள்ளினார். கவுன்சில் பழைய தளபாடங்களை எடுத்துப்போகும் கிழமை. வீதியோரப் புல்லில் அதை வைத்து, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார். உள்ளே வந்து தேநீர் குடித்தார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். என்ன எழுதினார் என்று நான் ஜன்னலால் பார்த்துவிட்டுப் பின்னர் போய் வாசித்தேன். ‘வீட்டில் சிறிய பிராணியோ குழந்தையோ இருந்தால் எடுக்க வேண்டாம்.’ கதிரையை யாரும் எடுக்கவில்லை. நாலாம் நாள் லொறி வந்து கொண்டுபோனது.

மகள் ஞாயிறு மத்தியானம் வீடியோவில் வருவாள். எங்களைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு, “எங்க அவன்? காட்டுங்கோ” என்பாள். முதல் ஞாயிறு நித்திரை என்றோம். அது நம்பக்கூடியதுதான். இரண்டாம் ஞாயிறு கணவர் துவாயில் சுற்றி முகத்தை மட்டும் காட்டினார். “குளிப்பாட்டினனாங்கள்” என்றார். மூன்றாம் ஞாயிறும் அதே துவாய், அதே கதை. ஆனால் கீரியாருக்கு அதற்குள் உடம்பு தேறியிருந்தது. துவாயிலிருந்து எண்ணெய்போல நழுவி, கணவருடைய தோளில் ஏறி, கமராவுக்கு முதுகைக் காட்டினார்.

மகள் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

“அப்பா, அவனுக்கு ஏன் பின்னால ஷேவ் பண்ணியிருக்கு?”

“அது… வெக்கைக்கு” என்றார் என் கணவர்.

ஜூன் மாதம், சிட்னியில் குளிர்காலம். நாங்கள் இருவரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தோம்.

“அம்மா” என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதிரை, கம்பி, ஆறு கிழமை, என்னுடைய கட்டு உட்பட. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எத்தினை நாள்?”

“ரெண்டு கிழமை. உனக்குச் சோதினை எண்டுதான்…”

“அப்பப்பா செத்தப்பவும் இதைத்தான் சொன்னீங்கள்.”

அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது மன்னாரில் என் மாமனார் இறந்தார். அப்போதும் அவளுக்குப் பரீட்சை. ஒன்பது நாள் நாங்கள் மறைத்தோம். இவர் தனியாகப் போய் அடக்கம் முடித்துவிட்டு வந்தார், வேலை விஷயமாகப் போவதாகச் சொல்லி. பரீட்சை முடிந்த அன்று காரில் வைத்துச் சொன்னோம். அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, விளங்கிக்கொண்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

“நான் அந்த ஒன்பது நாளும் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான்” என்றாள். “அவருக்கு வட்ஸ்அப்பில ஜோக் அனுப்பினனான். ஏன் பாக்கேல்லை, ஏன் பாக்கேல்லை எண்டு திருப்பித் திருப்பிப் பாத்தனான். உங்களுக்குத் தெரியுமா அது?”

எங்களுக்குத் தெரியாது. கணவர் தோளில் கீரியாரோடு அப்படியே இருந்தார். அவள் “பை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் அவளிடமிருந்து ஒன்றுமில்லை. வேலையில் ஒரு பையனுக்கு ஊதாவுக்குப் பதிலாகப் பச்சை சுற்றிவிட்டேன். நல்லவேளை, பச்சையும் பிடிக்கும் என்றான். செவ்வாய் இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கணவர் பின்னால் வந்து நின்று, “நான் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்” என்றார். மாமனாரின் அடக்கத்தைத்தான் சொன்னார். “ஓம்” என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு செய்தி வந்தது. வணக்கம், சுகம் ஒன்றுமில்லை. ‘கம்பி எத்தனை மில்லிமீட்டர்? எக்ஸ்ரே அனுப்புங்கள்.’

நான் அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் எங்கள் எக்ஸ்ரே அம்புக்குறிகளோடு திரும்பி வந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு விசை விழும், கூட்டின் தரை வழுக்கினால் கால் எப்படித் திருகும், அடியில் என்ன விரிக்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். கணவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய், தரைவிரிப்புக் கடையில் மிஞ்சிய துண்டுகள் வாங்கி வந்து, கூட்டின் தரையை அளந்து வெட்டிப் போட்டார். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் தூக்கிய பெருவிரல் படம் ஒன்று அனுப்பினாள். அந்தப் பெருவிரலை எனக்கு வந்து காட்டினார்.

பரீட்சை முடிந்த மறுநாள் அவள் வந்தாள். காலை விமானம். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள், அப்பாவுக்குக் கையை மட்டும் நீட்டினாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கூட்டுக்கு முன் படுத்துவிட்டாள். கீரியார் அவளுடைய தலைமயிருக்குள் மூக்கை நுழைத்து, கோழி கொக்கரிப்பதுபோல அவருக்கே உரிய ஒரு சின்னச் சத்தத்தைப் போட்டார். எங்களுக்கு முன்னால் இரண்டு வருடத்தில் இப்படி ஒருநாளும் போட்டதில்லை.

ஆறாம் கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு பொருந்தியிருந்தது. கம்பியை எடுத்தார்கள். ஆனால் இவ்வளவு நாள் ஆடாமல் இருந்ததில் முழங்கால் இறுகிப்போயிருந்தது. நடக்கும்போது அந்தக் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்று காலில் போனார். மூட்டை மெதுவாக மடக்கி நீட்டவேண்டும், ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை, என்று டொக்டர் செய்து காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “இதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்” என்றார். கட்டுக் கழற்றிய கைகால்களை எத்தனையோ ஆயிரம் தடவை மடக்கிக் காட்டியிருக்கிறேன். டொக்டரின் அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது.

குளியல் தொட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு இளஞ்சூடான தண்ணீர் விட்டு நடக்கவிடவேண்டும் என்றும் சொன்னார். தண்ணீர் பாரத்தைத் தாங்கும், கால் தானாக இறங்கும். இது அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை. அவர் தொட்டியின் ஒரு முனையில் ஈரல் துண்டோடு, அவள் மறுமுனையில், நடுவில் நனைந்து பாதியாகிப்போன கீரியார். நான் வெளியே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

“இனிமேல் எதெண்டாலும் அண்டைக்கே சொல்லவேணும்” என்றாள் அவள். “சோதினையோ, வேலையோ, என்னவோ. நல்லதோ கெட்டதோ.”

“நீ குழம்பிப் போவாய் எண்டு…”

“குழம்பினாக் குழம்பட்டும். அது என்ர பிரச்சினை.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஓம். சரி” என்றார். பிறகு, “கால் இறங்குது, பார்” என்றார்.

உண்மையில் இறங்கியது. விரல்கள் விரிந்து தொட்டியின் அடியைத் தொட்டு, ஒரு அடி, இன்னொரு அடி. மகள் என்னைக் கூப்பிட்டாள். மூவரும் முழங்காலில் நின்று பார்த்தோம். ஈரல் கிடைத்ததும் கீரியார் தண்ணீருக்குள்ளேயே முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளினார். ஃபெரட்டுகள் சந்தோஷம் வந்தால் ஆடுகிற ஆட்டம் அது. துள்ளியதில் சரிந்து விழுந்து, எங்கள் எல்லோரையும் நனைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழும்பி நின்றார்.

மகள் இரண்டு கிழமை நின்றுவிட்டு மெல்பேர்னுக்குத் திரும்பினாள். பிராணி வைக்க விடுகிற வீடொன்றை அவள் இப்போது பார்த்துவிட்டாள். ஆனால் கீரியாரைக் கேட்கவில்லை. ஒருமுறை நானாகவே பேச்சை எடுத்தேன். “அப்பா பாவம், அவரோடயே நிக்கட்டும்” என்றாள்.

ஒரு வருடம் கழிந்து, இந்தக் குளிர்காலத்தில் கீரியாருக்குக் கொஞ்சம் மூட்டுவாதம் வந்திருக்கிறது. முறிந்த காலின் முழங்கால்தான். காலையில் எழும்பும்போது நொண்டுகிறார், வெயில் பட்டதும் சரியாகிறார். டொக்டர் திரும்பவும் அந்த வலி மருந்தைத் தொடங்கியிருக்கிறார், குறைந்த அளவில். எடை கூடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோபாவில் பாயக்கூடாது என்பதற்காக என் கணவர் பலகையில் சரிவு ஒன்று செய்து, விரிப்பு ஒட்டி வைத்திருக்கிறார். கீரியார் அதைப் பாதி நாள் பாவிப்பார், பாதி நாள் பார்க்காமல் பாய்வார்.

போன செவ்வாய் கணவர் தன்னுடைய வருடாந்த இரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தார். காரை நிறுத்தி, உள்ளே வராமல், டிரைவ்வேயில் நின்றபடியே தொலைபேசியை எடுத்தார். எனக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

“பிள்ளை, வேலையா இருக்கிறியோ? ஒண்டுமில்லை, ஒரு விஷயம் சொல்லத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்குச் சீனி கொஞ்சம் கூடவாம்.”

அவள் அந்தப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். சோறு, நடை, மாத்திரை என்று இடையிடையே காதில் விழுந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், அவளால் பார்க்க முடியாது என்பதை மறந்து. நான் தேநீரைச் சீனி போடாமல் ஊற்றிவைத்தேன்.